சினை மீனை வலையில் அள்ளாதீர்கள்: குட்டி போடும் மீன்கள் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அக்கா, வயிறு உப்பிப் போச்சு. இன்னைக்கோ நாளைக்கோ போட்டுடும் போல. குட்டிப் பெட்டியில எப்ப விடணும்?" இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் எனக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். கூடவே ஒரு படமும் வரும். தொட்டி மூலையில் ஒடுங்கி நிற்கும் ஒரு பிளாட்டி, அதன் தலைக்கு மேல் பச்சை வலை. நான் எழுதும் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: வலையை எடுத்து வையுங்கள்.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் முட்டையிடாமல் நேரடியாகக் குட்டி போடும் மீன்கள். வளர்ப்பது எளிது என்று கடையில் சொல்லித்தான் கொடுப்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் தாயும் குட்டியும் செத்துப் போகிற வீடுகளில் நான் பார்த்தவரை, யாரும் மீனைக் கவனிக்காமல் விட்டதில்லை. முன்கூட்டியே செய்ய வேண்டியதைச் செய்யாமல், கடைசி நாளில் பதறிப்போய்த் தொட்டிக்குள் கையை விட்டிருப்பார்கள்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். என்னுடைய முதல் கறுப்பு மோலிக்கு வயிறு பெருத்ததும், உள்ளங்கை அகலமே உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, அதைத் துரத்திப் பிடித்து உள்ளே விட்டேன். ராத்திரி முழுக்க அது பெட்டிச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. விடியற்காலையில் ஏழெட்டுக் குட்டிகள் அடியில் கிடந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் மஞ்சள் உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுகூட நீந்தவில்லை. இரண்டு நாளில் தாயும் போய்விட்டது.

அந்த மஞ்சள் உருண்டைதான் கருவுணவு. இந்த மீன்களுக்கும் உள்ளே முட்டைதான் உருவாகிறது. குஞ்சு அந்த முட்டையின் மஞ்சள் கருவைத் தின்று தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்கிறது. மஞ்சள் கரு தீர்ந்து, நீந்தத் தயாரான பிறகுதான் வெளியே வர வேண்டும். வலையில் துரத்துவது, சின்ன இடத்தில் அடைப்பது, தண்ணீர் சூடு சட்டென்று மாறுவது, இவற்றில் எது நடந்தாலும் பயத்தில் தாய் குறைமாதத்திலேயே குட்டிகளை வெளியே தள்ளிவிடும். கடையிலிருந்து நிறைமாத மீனை வாங்கிப் பையில் கட்டிக் காரில் ஒரு மணி நேரம் கொண்டு வந்தாலும் இதே கதை நடக்கும். வாங்குவதானால் வயிறு சிறுத்த இளம் பெண் மீனாகப் பார்த்து வாங்குங்கள். "ஆண் மீனே இல்லையே, எப்படிக் குட்டி?" என்ற சந்தேகம் அப்புறம் வராமல் போகாது. கடைத்தொட்டியில் ஆணோடு இருந்த பெண் மீன் ஏற்கெனவே இணைந்திருக்கும். ஒரே முறை இணைந்த கப்பி, அந்த விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்துப் பல ஈடு குட்டி போடும்.

சரி, தாயைப் பிடிக்கக் கூடாது என்றால் குட்டிகளை யார் காப்பாற்றுவது? செடிதான். ஜாவா பாசி, ஹார்ன்வொர்ட் மாதிரி அடர்ந்த செடிகள் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு மேலே மிதக்கட்டும். பிறந்த குட்டி முதல் நிமிடத்திலேயே மறைவிடம் தேடி ஓடும். தாய் தன் குட்டியைத் தின்னும் என்பது உண்மை. அதற்குக் கொடுமை என்று பெயர் வைக்க வேண்டியதில்லை, எதிரே நீந்துகிற சின்ன உருவம் அதற்குத் தீனி, அவ்வளவுதான். இலைக்குள் மறைந்த குட்டி தப்பிவிடும். காலையில் செடிக்கு நடுவே நிற்கும் குட்டிகளை ஒரு கண்ணாடி டம்ளரால் தண்ணீரோடு சேர்த்து மொண்டு தனி வாளிக்கு மாற்றுவேன். தாயை நகர்த்துவதைவிடக் குட்டியை நகர்த்துவது இரண்டுக்கும் நல்லது.

எப்படியும் பிரித்தே ஆக வேண்டும் என்கிறீர்களா? தொட்டியில் பெரிய மீன்கள் நிறைய இருந்தால் அந்த நிலைமை வரலாம். அப்போதும் பிரசவத்துக்கு ஒரு வாரமாவது முன்பே செய்யுங்கள். 15, 20 லிட்டர் பிடிக்கும் வாளியோ டப்பாவோ எடுத்து, அதே தொட்டியின் பழைய தண்ணீரை ஊற்றி, ஒரு கொத்துச் செடியும் போடுங்கள். மீனை வலையால் அல்ல, ஜக்கால் மொண்டு மாற்றுங்கள். குட்டி போட்டு முடித்ததும் தாய்க்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, அப்புறம் பெரிய தொட்டியில் விடலாம்.

நாள் கணக்கு

வயிற்றை மட்டும் பார்த்து நாள் குறிப்பது இன்னொரு தவறு. கப்பிக்கு 21 முதல் 30 நாள். பிளாட்டிக்கும் வாள்வாலுக்கும் ஏறக்குறைய நான்கு வாரம். மோலி ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும், சில சமயம் இரண்டு மாதம் வரைகூட. தண்ணீர் குளிர்ந்தால் எல்லாமே தள்ளிப்போகும். குட்டி போட்ட தேதியை அடுக்களைக் காலண்டரில் குறித்து வைத்தால் அடுத்த ஈட்டை ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம்.

பின்பக்கம், கீழ்த்துடுப்புக்கு மேலே இருக்கும் கரும்புள்ளி நாளாக ஆகப் பெரிதாகிக் கறுக்கும். வெளிர் நிற மீன்களில் கடைசி நாட்களில் அந்த இடத்தில் குட்டிகளின் கண்கள் பொட்டுப் பொட்டாகத் தெரியும். கறுப்பு மோலியில் புள்ளியைத் தேடுவது வீண். அங்கே வயிற்றின் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். உருண்டையாக இருந்த வயிறு முன்பக்கம் சதுரமாக இறங்கும். தீனி வேண்டாம் என்று ஒதுங்கும், ஹீட்டர் பக்கமோ செடி அடியிலோ போய் நிற்கும், மூச்சு வேகமாகும். அப்போது விளக்கைக் குறைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சில மீன்கள் ஒரு நாள் முழுக்கவும் எடுக்கும்.

வயிறு பெருத்தால் எல்லாமே சினை என்று நினைத்துவிடக் கூடாது. மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் பைன்காய் மாதிரி விரிந்து நின்றால் அது நீர்கோத்த நோய். அந்த மீனை உடனே தனியாக வைக்க வேண்டும்.

ஆண் மீன்களைப் பற்றி ஒரு வரி. நிறம் அழகாக இருக்கிறது என்று மூன்று ஆண், ஒரு பெண் என்று வாங்காதீர்கள். அந்த ஒரு பெண்ணை நாள் முழுக்கத் துரத்தியே கொன்றுவிடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்.

தண்ணீர், மின்சாரம், குளிர்காலம்

குட்டிகளை அதிகம் கொல்வது புதுத் தண்ணீர். பிறந்த அன்று சுத்தமான வாளியில் பளிச்சென்ற குழாய்த் தண்ணீர் ஊற்றி விடுவார்கள். பார்க்கச் சுத்தம்தான். ஆனால் அதில் குளோரின் இருக்கும், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இருக்காது. அந்த நுண்ணுயிர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளர்ந்து நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதனால் குட்டி வாளிக்கு வேண்டிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை முன்கூட்டியே பெரிய தொட்டிக்குள் ஓட விட்டு வையுங்கள். அது அங்கேயே பழகியிருக்கும், பிரசவ நாளில் தூக்கி இந்தப் பக்கம் மாற்றினால் போதும். அழுக்காகிவிட்டதே என்று அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துக் கழுவினால் ஆறு வார உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

குளோரின் போக ஒரு நாள் வாளியைத் திறந்து வைப்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வழக்கம். வெறும் குளோரினுக்கு அது சரி. ஆனால் ஜொகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியா போன்ற இடங்களுக்குத் தண்ணீர் தரும் ராண்ட் வாட்டர் நிறுவனம், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோராமினைக் கலக்கிறது. அது நாள்கணக்கில் வைத்தாலும் எளிதில் ஆவியாகாது. குளோராமினையும் நீக்கும் மருந்துத் துளி போட்டே ஆக வேண்டும். எங்கிருந்தாலும் துளி போடுவது நல்ல பழக்கம்.

டர்பனில் நமக்கு வருவது உம்கேனி ஆற்று அணைகளின் மென்மையான தண்ணீர். குட்டி போடும் மீன்களுக்கு, அதுவும் மோலிக்கு, கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். மோலி துடுப்பை மடக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடுகிறது என்று பலர் மருந்துக்கு மேல் மருந்து ஊற்றுகிறார்கள். பல நேரம் அதற்கு வேண்டியது தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து. நொறுக்கிய பவளத்தை ஒரு கைப்பிடி துணிப்பையில் கட்டி ஃபில்டர் பக்கம் வையுங்கள், மெல்ல மெல்லச் சரியாகும்.

வெளியே தொங்கும் ஃபில்டரின் உறிஞ்சு குழாயில் ஸ்பாஞ்ச் மாட்டாமல் விட்டால் குட்டிகள் உள்ளே போய்விடும். "முப்பது இருந்தது, காலையில பத்துதான் இருக்கு" என்றால் தாய்மேல் பழி போடுவதற்கு முன் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

நம் ஊருக்கு வெயில்தானே, ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்து ராத்திரியை மறந்துவிடுகிறார்கள். டர்பனில் அப்போது 11 டிகிரி வரை இறங்கும். தண்ணீர் 24 முதல் 26 டிகிரியில் நிலையாக இருக்க வேண்டும். பகலில் 25, விடியலில் 17 என்று ஏறி இறங்குவதைச் சினை மீன் தாங்காது. கோடையில் நேர்மாறு. 30 டிகிரிக்கு மேல் போனால் தண்ணீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். ஐஸ் கட்டி போடாதீர்கள்.

மின்வெட்டு நாட்களை நாம் யாரும் மறக்கவில்லை. 2023இல் மின்வெட்டு கடுமையான ஆறாம் நிலை வரை போனபோது ஒரு தடவை நிறுத்தினால் நான்கு மணி நேரம்கூட வராது. இப்போது குறைந்திருக்கிறது, ஆனாலும் கம்பி அறுந்தாலும் கேபிள் திருடு போனாலும் இருட்டுதான். அந்த நேரத்தில் தீனி போட வேண்டாம். தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்கள், மேல்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் குட்டிகள் பிழைக்கும். ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோன மூடிய ஃபில்டரை, மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாதீர்கள். உள்ளே அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் கொட்டும். அதை வடித்துவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி, அப்புறம் போடுங்கள்.

தீனி

மீலி மாவு (மக்காச்சோள மாவு), ரொட்டித் தூள் போடுகிற வீடுகள் இன்னும் நிறைய. அன்போடுதான் போடுகிறார்கள். ஆனால் அந்த மாவை மீன்குட்டி சரியாகச் செரிக்காது, தண்ணீரும் பால் மாதிரி கலங்கிவிடும். அவித்த முட்டை மஞ்சள் கருவும் அப்படித்தான், ஊசி முனை அளவுக்கு மேல் போனால் வாளி நாறும். பெரிய மீனுக்குப் போடும் தட்டைத் தீனியையே விரலால் தூளாக்கிப் போடலாம். கொஞ்சம் மெனக்கெட முடிந்தால் ஆர்டீமியா என்னும் பொடி உப்புநீர் இறாலின் முட்டையை உப்புத் தண்ணீரில் பொரிய வையுங்கள். ஒன்றரை நாளுக்குள் பொரிந்துவிடும். வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுத்தால் குட்டிகள் தின்னும் வேகமே வேறு. முதல் இரண்டு வாரத்தில் வயிறு செம்மஞ்சளாகத் தெரியத் தெரியத் தின்ற குட்டிதான் பின்னால் நல்ல மீனாகும்.

ஒரே வேளையில் நிறையக் கொட்டாமல், ஒரு நாளைக்கு நான்கு தடவை, சிட்டிகை சிட்டிகையாக. மிச்சத்தை ஏர் பம்ப் குழாயால் உறிஞ்சி எடுங்கள், முனையில் துணி கட்டிக்கொண்டு. தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை அதே சூட்டில் மாற்றினால் போதும்.

குட்டிகள் பெருகிய பிறகு

கப்பி ஒரு ஈட்டில் இருபது முப்பது போடும், வளர்ந்த பெரிய மீன் நூறுகூடப் போடும். ஒரு மாதம் கழித்து மறுபடியும். ஐந்தாறு வாரத்தில் ஆண் குட்டியின் கீழ்த்துடுப்பு விசிறி மாதிரி விரியாமல் குச்சி மாதிரி மெலிந்து நீளும். அதைப் பார்த்ததும் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். விட்டால் இரண்டு மூன்று மாதத்தில் அவையும் சினையாகிவிடும், கூடப்பிறந்ததோடேயே. தலைமுறை தலைமுறையாக அப்படிப் போனால் முதுகு வளைந்த குட்டிகள் அதிகமாகும். ஒரே தொட்டியில் நெருக்கி வைத்தால் வளர்ச்சியும் நின்றுவிடும்.

இங்கே ஒரு தவறைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். எங்கள் ஆயா வீட்டுக் கொல்லையில் மழைத்தண்ணீர் பிடிக்கும் ட்ரம் ஒன்று உண்டு. கொசுப்புழு தின்னட்டும் என்று அதில் கப்பி விட்டிருப்பார். அந்தக் கப்பியைப் பக்கத்து ஓடையில் சித்தப்பாக்கள் பிடித்து வந்ததாகச் சொல்வார்கள். ஓடைக்கு அது எப்படி வந்தது? தென் அமெரிக்காவின் வடகரையிலும் டிரினிடாடிலும் இருக்க வேண்டிய மீன், நம் குவாசூலு-நட்டால் மாகாணத்துக் கடலோர ஓடைகளில் இன்று தானாகப் பெருகிக் கிடக்கிறது என்றால், யாரோ கொண்டு வந்து விட்டதுதான். வாள்வாலும் அப்படியே. அவை நம் ஊர் மீனின் தீனியைத் தின்னும், குஞ்சுகளையும் தின்னும். அந்நிய உயிரினங்களை இயற்கையில் விடுவதைக் கட்டுப்படுத்தும் பல்லுயிர்ச் சட்டம் 2004 முதல் இங்கே இருக்கிறது. உம்லட்டுசானா ஆற்றங்கரைக்குப் பிள்ளைகளோடு போய் மிஞ்சிய மீனைப் "போய்ப் பொழச்சுக்கோ" என்று விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாசத்தில் செய்கிறார்கள். ஆனாலும் வேண்டாம். தொட்டித் தண்ணீரைக்கூட ஆற்றிலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள். கறிவேப்பிலைச் செடி அதை விரும்பிக் குடிக்கும்.

மிஞ்சிய குட்டிகளைப் பல கடைகள் வாங்கிக்கொள்ளும், பதிலுக்குத் தீனிகூடத் தரும். பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்கலாம். அதுவும் முடியாதென்றால் பெண் மீன்களை மட்டும் ஒரு தொட்டியில் வையுங்கள். முன்பே சேமித்த விந்தால் சில ஈடுகள் வரும், அப்புறம் நின்றுவிடும்.