வானிலை ஆய்வுக் கருத்தரங்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ ஒரு பல்கலைக்கழக மாணவர் மழையைப் பற்றிய ஆய்வை முன்வைக்க எழுந்தால், அவையில் இருப்பவர்களுக்கு அந்தப் பொருள் புதிதன்று. ஆங்கிலம் தடுமாறுவதையும், சிலைட்டுகளில் எழுத்து நெருங்கிக் கிடப்பதையும், குரல் எழாமல் இருப்பதையுமே பெரும்பாலானோர் இத்தகைய கருத்தரங்குகளின் குறைகளாகச் சொல்வார்கள். அவை சில ஒத்திகைகளில் சரியாகிவிடும். திரையில் காட்டும் எண் எங்கே, எப்படி அளக்கப்பட்டது என்பதைப் பேசுபவரே அறியாதிருப்பதுதான் பெரிய தவறு. ஆய்வறிக்கை கையளிக்கப்படுமுன் அதைத் திருத்தக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு கருத்தரங்குதான்.

முதலில் நேரத்தைப் பற்றி ஒரு சொல். இருபது நிமிடப் பேச்சில் பாதியைப் புவி வெப்பமடைதலின் வரைவிலக்கணத்துக்கும் பனிப்பாறைப் படங்களுக்கும் கொடுத்துவிட்டு, உன்னிச்சைக் குளத்து நீரேந்து பரப்பின் மழைவீழ்ச்சியை இறுதி மூன்று நிமிடங்களில் ஓட்டிச் செல்வதால் யாருக்கும் பயனில்லை. ஆய்வுக் கேள்வியை இரண்டாவது நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

தரவுக்கு வருவோம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மட்டக்களப்பு, பொத்துவில் நிலையங்களின் தரவானாலும், குளக்கட்டுகளில் உள்ள மழைமானிகளின் தரவானாலும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, இடையில் எத்தனை மாதங்கள் விடுபட்டுள்ளன, மானி இடம் மாற்றப்பட்டதா என்பவற்றை ஒரு சிலைட்டிலேனும் காட்டியாக வேண்டும். போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கின் பல இடங்களில் பதிவுகள் தடைப்பட்டன என்பதால் இது இங்கு வெறும் சம்பிரதாயம் அன்று. கணினிக் கோப்பில் வெறுமையாக விடப்பட்ட கட்டத்தை மென்பொருள் பூச்சியமாக எடுத்துக்கொண்டால், மழை கொட்டும் நவம்பர் மாதம் ஒன்று மழையே இல்லாத மாதமாகிவிடும். அத்தகைய பொய்ப் பூச்சியங்கள் தொடரின் முற்பகுதியில் விழுந்தால் பிற்பகுதி தானாகவே உயர்ந்து நிற்கும். மழை கூடிவருகிறது என்ற முடிவும் புள்ளியியல் சோதனையில் தேறிவிடும். எந்தச் சோதனையை ஓட்டுவதற்கு முன்னரும் மாதவாரியான எண்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவதே இதற்கு மருந்து. நவம்பரில் பூச்சியம் என்றால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் விவசாயி எவரும் நம்பமாட்டார். ஆய்வாளரும் நம்பக் கூடாது.

இதைவிட நுட்பமான தவறொன்று ஆண்டு மொத்தத்தில் ஒளிந்திருக்கிறது. நமக்கு மழை ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவத்தில் தொடங்கி, டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் தொடர்கிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டிப் பட்டை வரைபடம் வரைபவர் ஒரே மாரியை நடுவில் வெட்டி இரண்டு ஆண்டுகளுக்குப் பங்கிட்டுவிடுகிறார். 2011 ஜனவரியில் வெள்ளத்தைக் கொணர்ந்த மழை, 2010 ஒக்டோபரில் தொடங்கிய மாரியைச் சேர்ந்தது. ஆண்டு மொத்தத்திலோ அது 2011 முடிவில் பெய்த அடுத்த மாரியின் மழையோடு சேர்ந்து நிற்கும். மாரி மழையை நம்பிச் செய்யும் பெரும்போக நெற்செய்கையோடு மழையை ஒப்பிடும் ஆய்வுகளுக்கு இது அடிப்படையையே குலைத்துவிடும். பசிபிக் கடலின் மேற்பரப்பு வழமையைவிடச் சூடேறும் எல் நினோவுடன் தொடர்புபடுத்துவோருக்கோ கேடு இரட்டிப்பு: இலங்கையில் எல் நினோ பொதுவாக ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையைக் கூட்டுகிறது, அடுத்துவரும் ஜனவரி முதல் மார்ச் வரையான மழையைக் குறைக்கிறது. இரண்டையும் ஒரே மொத்தத்துக்குள் போட்டால் ஒன்றை மற்றொன்று அழித்துவிட, தொடர்பே இல்லை என்ற பிழையான முடிவு கிடைக்கும். 2011 வெள்ளம் எல் நினோவுக்கு எதிர்நிலையான லா நினா வலுவாக இருந்த காலத்தில் வந்தது என்பதையும் இந்த வேறுபாட்டை அறியாமல் விளக்க முடியாது. ஆண்டை ஒக்டோபரில் தொடங்குங்கள். முடிந்தால் இரு பகுதிகளையும் தனித்தனியே ஆராயுங்கள்.

செய்மதித் தரவைப் பயன்படுத்துவோர் கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். நமது நிலையங்களில் நாள் மழை என்பது காலை 8.30 மணியோடு முடியும் 24 மணித்தியாலங்களுக்கு உரியது. செய்மதித் தரவுகளின் நாள் பெரும்பாலும் உலகப் பொது நேரப்படி, அதாவது நமது அதிகாலை 5.30க்குத் தொடங்குகிறது. மூன்று மணித்தியால வேறுபாட்டோடு, காலையில் அளந்த மழையைப் பதிவேட்டில் முந்திய நாளின் பெயரில் எழுதினார்களா, அன்றைய நாளின் பெயரிலா என்ற சிக்கலும் சேர்ந்துகொள்ளும். அதை விசாரித்துச் சீர்செய்யாமல் செய்மதி பிழையாகக் காட்டுகிறது என்று அவையில் அறிவிப்பது அநியாயம். இடப் பரிமாணத்திலும் இதே கவனம் வேண்டும். அவதானிப்புகளையும் கணினி மாதிரியையும் இணைத்து உருவாக்கப்படும் ஈஆர்ஏ5 மீள்பகுப்பாய்வுத் தரவின் ஒரு கட்டம் 0.25 பாகை, நம் பகுதியில் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். கரையோரக் கட்டம் ஒன்றுக்குள் கடலும், வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையும், வாவியும், படுவான்கரையும் ஒருங்கே அடங்கிவிடலாம். அதிலிருந்து ஒரு கிராமத்தின் வெப்பநிலையை இரு தசமதானங்களில் சொல்வது தரவில் இல்லாத துல்லியத்தைக் கோருவதாகும்.

காரணத்தைச் சோதிக்காமல் அறிவித்துவிடுவது அடுத்த தவறு. ஜூன், ஜூலை மாதங்களில் மட்டக்களப்பு கொதித்தால் உடனே காலநிலை மாற்றத்தின் பெயர் சொல்லப்படுகிறது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது உயரம் குறையும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 10 பாகை செல்சியஸ் அளவில் சூடேறி, கச்சான் எனப்படும் காய்ந்த காற்றாக வருகிறது. கடற்காற்றையும் தடுத்து வெப்பநிலையை 38 பாகை வரை ஏற்றக்கூடியது அது. நீண்டகால வெப்பமாதலை இது மறுப்பதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளின் வெப்பத்தை விளக்க வருபவர் அன்றைய காற்றுத் திசையையும் ஈரப்பதனையும் மணிவாரியாகக் காட்டிவிட்டே மேலே பேச வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுத் தரவில் கோடு போட்டுப் போக்கு என்பதும் இதே அவசரம்தான். உலக வானிலை அமைப்பு காலநிலைச் சராசரிக்கே 30 ஆண்டுகளை அளவாகக் கொள்கிறது.

படங்களில் அலகும் அளவுத்திட்டமும் இருக்கட்டும். சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைத்தால் நிறக்குருடு உள்ளோர் பிரித்தறியமாட்டார்கள்.

கேள்வி நேரத்தில் மாணவர் தடுமாறும்போது மேற்பார்வையாளர் முந்திக்கொண்டு பதில் சொல்லும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். கேள்வியை முழுதாகக் கேட்டு, தெரிந்ததைச் சொல்லி, சோதிக்காததைச் சோதிக்கவில்லை என்று சொல்வதில் எந்த இழுக்கும் இல்லை. நிலைய விபரங்களையும் விடுபட்ட மாதங்களின் அட்டவணையையும் நன்றியுரைக்குப் பின்னால் மேலதிக சிலைட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரிடம் கேள்விகள் அனைத்தையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மேடையில் நிற்பவருக்குப் பாதிக் கேள்விகள் மறுநாள் நினைவில் இருப்பதில்லை.