பணித்தளத்தில் திறந்த வீடும் ஓய்வுநாளும்: இரண்டையும் காத்துக்கொள்வது எப்படி?

ஓய்வுநாளில் யாரெல்லாம் வேலையை விடவேண்டும் என்று யாத்திராகமம் 20:10 ஒவ்வொருவராக அடுக்குகிறது: நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், கடைசியில் "உன் வாசல்களில் இருக்கிற அந்நியன்". ஓய்வும் அந்நியனும் ஒரே கட்டளைக்குள் இருக்கிறார்கள். ஆனால் வேறொரு மொழியும் பண்பாடும் உள்ள இடத்தில் ஊழியம் செய்யும் குடும்பங்களில் இவை இரண்டும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. கதவு எப்போதும் திறந்திருந்தால் ஓய்வு போய்விடுகிறது. ஓய்வுக்காகக் கதவைச் சாத்தினால், இவர்கள் நம்மோடு ஒட்டமாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் முடிவுகட்டிவிடுகிறார்கள். வருகிறவரையும் சேர்த்துக்கொண்டு ஓய்வதுதான் கட்டளை காட்டும் வழி. அதற்கு முந்தின நாளே வேலை தொடங்கவேண்டும்.

எந்த நாள்?

பிரசங்கமும் சபைப் பொறுப்பும் உள்ளவருக்கு ஞாயிறு வேலைநாள். அதை ஓய்வு என்று கணக்கெழுதாதீர்கள். வாரத்தில் வேறொரு முழு 24 மணி நேரத்தைக் குறியுங்கள். மாலை தொடங்கி மறுநாள் மாலைவரை எடுப்பது நல்லது: அதற்குமுன் பகலிலேயே ஆயத்தம் முடியும், ஓய்வு தூக்கத்தோடு ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக உள்ள இடங்களில் பல சபைகள் அன்றே கூடுகின்றன. அங்கே ஞாயிறு எல்லாரும் வேலைக்குப் போகும் நாளாக இருக்கலாம்.

நாளைக் குறிக்குமுன் அந்த மக்களின் வாரத்தைப் பாருங்கள். சந்தை கூடும் நாள், ஊர்ப் பொதுவேலை நாள், அவர்கள் தங்கள் வழிபாட்டுக்குப் போகும் நாள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். சந்தைக்கு வந்தவர்கள் அப்படியே உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். கணவனும் மனைவியும் ஒரே நாளை எடுக்கவேண்டும். தெரிந்தெடுத்த நாளை வாரத்துக்கு வாரம் மாற்றாதீர்கள். சில மாதங்கள் மாறாமல் கடைப்பிடித்தால் ஊரே அதை நினைவில் வைத்துக்கொள்ளும். மருத்துவமனை ஊழியம்போல முறைவைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது முடியாது. அவர்கள் இழந்த நாளை மூன்று நாளுக்குள் ஈடுசெய்யட்டும். அதற்குமேல் தள்ளிப்போட்டால் அந்த நாள் பெரும்பாலும் கிடைக்காமலே போகிறது.

ஆறாம் நாளின் வேலை

வனாந்தரத்தில் இஸ்ரவேலர், தேவன் கொடுத்த மன்னா என்ற உணவை ஆறாம் நாளில் ஓய்வுநாளுக்கும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓமர் அளவு சேர்த்தார்கள் (யாத். 16:22). இங்கும் அதே முறைதான். நண்பகலில் தொடங்கி, சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். குடிநீர் காய்ச்சி வைப்பது, மறுநாள் உணவு, துணி, செலுத்தவேண்டிய பணம், அனுப்பவேண்டிய செய்திகள், தீர்ந்துபோகும் மருந்து, இவை அதற்குள் முடியவேண்டும். வீட்டு ஆட்களுக்கு மேல் இரண்டு பேருக்கு உணவு சேர்த்துச் சமையுங்கள். எதிர்பாராத விருந்தாளிக்காக மறுநாள் அடுப்பு மூட்ட வேண்டியிராது. சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் இடத்தில் ஒரு மணி நேரம்தான். குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் சமைக்காமல் உண்ணக்கூடியதை எடுத்துவையுங்கள்.

பெரும்பாலும் பிசகுவது இங்கேதான். ஆயத்தம் முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது, பெரும்பாலும் மனைவியின் தலையில். அப்படியானால் அந்த வீட்டில் கணவருக்கு மட்டுமே ஓய்வுநாள். ஆறாம் நாள் வேலைகளைத் தாளில் எழுதி, பிள்ளைகளையும் சேர்த்துப் பங்கிடுங்கள். வீட்டில் உதவிக்கு ஆள் இருந்தால் அவருக்கும் அன்று சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். கட்டளை அவரையும் தனியாகக் குறிப்பிடுகிறது. உபாகமம் 5:15 அதற்குக் காரணமும் சொல்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய்.

அன்று கதவைத் தட்டுகிறவர்கள்

வருகிறவர் அவசரத்துக்கு வந்தாரா, பேச வந்தாரா, வேலையாக வந்தாரா என்று மூன்றில் எது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். நோய், பிரசவம், மரணம், வன்முறை என்றால் உடனே எழுந்து போங்கள். கிணற்றில் விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்கிவிடுவதை இயேசு எடுத்துக்காட்டினார் (லூக்கா 14:5). சும்மா பேசிக்கொண்டிருக்க வந்தவரை உட்காரவைத்து, எடுத்துவைத்த உணவைப் பகிருங்கள். உபசரிப்பு என்ற பெயரில் எழுந்து எழுந்து ஓடாதீர்கள். இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்டு, பணிவிடையிலேயே அலைக்கழிந்த மார்த்தாளின் வீட்டில் நடந்தது அதுவே (லூக்கா 10:40). வேலை விஷயமாக வந்தவர் மூன்றாமவர்: கையெழுத்து, கடன், கடிதம், கூட்டத் தேதி. அவர் பெயரை எழுதிக்கொண்டு, நாளை எத்தனை மணிக்கு என்று நேரம் சொல்லுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால் பல பண்பாடுகளில் அது மறுப்பாகவே கேட்கும்.

இதைச் சொல்வதற்கான வாக்கியத்தை அந்த மொழியிலேயே, மரியாதைச் சொற்களோடு, அந்த மொழிக்காரர் ஒருவரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீங்களே மொழிபெயர்த்தால் கடுமையாக விழும் அபாயம் உண்டு. வாசலில் நிறுத்திப் பேசுவதே அவமானம் என்று கருதும் இடங்களில், முதலில் உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பத்து நிமிடம் நலம் விசாரித்தபின் நாளைக்கு நேரம் குறியுங்கள்.

முதலில் விருந்தாளியாக இருங்கள்

இயேசு எழுபது பேரை அனுப்பியபோது, ஒரே வீட்டில் தங்கவும், முன்னே வைப்பதைப் புசிக்கவும், வீட்டுக்கு வீடு மாறாதிருக்கவும் சொன்னார் (லூக்கா 10:7, 8). அவர்கள் போனது உபசரிக்கப்படும் நிலையில். புதிய ஊழியர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வந்த மாதத்திலேயே எல்லாரையும் அழைத்து விருந்து வைக்கிறார்கள். எப்போதும் கொடுக்கிறவராகவே இருப்பவர் மேலே நிற்பவராகவே தெரிவார். முதல் மூன்று மாதம் நீங்கள் அழைப்பதைவிட அதிகமாக அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்த மாதங்களில், வயதில் மூத்த, உங்களைத் தயங்காமல் திருத்தக்கூடிய ஒருவரிடம் கேட்கவேண்டியவை பல. ஒரு சந்திப்பு எவ்வளவு நேரம் நீடிக்கவேண்டும்? முதல்முறை "வேண்டாம்" என்றால் உண்மையிலேயே வேண்டாமா, அல்லது மூன்றாம்முறை கேட்கும்வரை காத்திருக்கிறாரா? தட்டைக் காலிசெய்வது திருப்தியின் அடையாளமா, இன்னும் வேண்டும் என்பதா? யார் முதலில் சாப்பிடுவார்கள்? ஆணும் பெண்ணும் தனியே ஒரே அறையில் இருக்கலாமா? வெறுங்கையோடு போகலாமா? விருந்தாளியை எதுவரை வழியனுப்பவேண்டும்? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. வாசலோடு திரும்பிவிட்டு, ஏன் மனம் புண்பட்டது என்று தெரியாமல் இருக்கிறார்கள்.

உணவு விஷயத்தில் 1 கொரிந்தியர் 10:27, 28 தெளிவாக இருக்கிறது: கேள்வி கேட்காமல் புசியுங்கள், இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் அறிவித்தால், அவர் மனசாட்சிக்காகப் புசியாதிருங்கள். ஒவ்வாமையோ நோயோ இருந்தால், இருவருக்கும் பொதுவான நண்பர் மூலமாக முன்னதாகவே சொல்லியனுப்புங்கள். பந்தியில் உட்கார்ந்தபின் மறுப்பது சமைத்தவரை அவமதிப்பதாகும்.

உங்கள் பந்திக்கு அழைக்கும்போது

எந்த உணவு விலக்கு என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தப் பாத்திரத்தில் சமைத்தது, யார் சமைத்தது, இது நோன்புக் காலமா என்பதும் சிலருக்கு முக்கியம். சந்தேகமிருந்தால் விருந்தாளி வீட்டாரையே அழைத்துச் சேர்ந்து சமையுங்கள், அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. சாப்பாட்டுக்குமுன் ஜெபிப்போம் என்று முன்கூட்டியே சொல்லி, நான்கைந்து வாக்கியத்தில் முடியுங்கள். எழுந்து போகமுடியாத இடத்தில் இருப்பவருக்குப் பிரசங்கம் செய்யாதீர்கள். நல்ல உடை உடுத்தியவருக்கு ஒரு இடம், ஏழைக்கு வேறு இடம் என்பதை யாக்கோபு 2-ம் அதிகாரம் கண்டிக்கிறது.

தங்க வருகிறவரை அழைக்கும்போதே புறப்படும் நாளையும் பேசிவிடுங்கள். ஆதிச் சபையின் ஒழுங்குநூலான தீதகே, வழிப்போக்கர் தேவையானால் இரண்டு மூன்று நாள் தங்கலாம் என்றும், அங்கேயே குடியேற விரும்பும் கைத்தொழில்காரர் வேலை செய்து உண்ணவேண்டும் என்றும் வகுத்தது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய விதி, விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. அதே அதிகாரத்தில் விருந்தாளிகளுக்குத் தனிச் சமையலறையும், அதற்கு ஆண்டுக்கு இரண்டு சகோதரர்களும் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். நேரம் தெரியாமல் வருகிறவர்களால் மற்றவர்கள் குலையாதிருக்கவே இந்த ஏற்பாடு. உங்கள் குழுவிலும் வாரம் ஒரு வீடு என்று முறைவைத்து, வருகிறவர்களை அங்கே அனுப்பலாம்.

அந்த நாளில்

தொலைபேசியை அணைத்துவிடுங்கள். அவசரத்துக்கு அழைக்கும் எண் உடன் ஊழியர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்கு ஜெபக்கடிதம் எழுதுவது, மொழிப்பாடம் படிப்பது, பிரசங்கக் குறிப்பு எடுப்பது எல்லாம் வேலைதான். வாரம் முழுதும் அந்நிய மொழியில் பேசிக் களைத்த மனதுக்குத் தாய்மொழியில் வேதம் வாசிப்பதும் பாடுவதும் பெரிய இளைப்பாறுதல். தூங்குங்கள், நடங்கள், பிள்ளைகளோடு விளையாடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் ஓய்வு தவறியிருந்தால், விருந்தாளிகளைக் குறைகூறுமுன் பொறுப்புகளை எண்ணுங்கள். அநேகமாக இரண்டு ஆள் செய்யவேண்டிய வேலை ஒருவரிடம் இருக்கும். அதில் எதை விடப்போகிறீர்கள் என்று அனுப்பிய சபைக்கு எழுதி, யாரிடம் எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பது என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.