பூசணிக்கு மருந்தடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் பூசணி பயிரிடுவோர், இலையில் மாவு பூசியதுபோல் சாம்பல் நோய் தெரிந்தவுடன் கந்தகத்தூளைத் தூவி விடுகிறார்கள். மற்ற பல பயிர்களுக்கு நல்ல மருந்தான கந்தகத்தூளும் தாமிரத்தூளும் பூசணிக் குடும்பத்துக் கொடிகளின் இலைகளைக் கருக்கிவிடும் என்பதால், இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. முற்றிய நோயிலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மை தரும் பாக்டீரியாத் தூளான சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து தெளிக்கலாம்.

அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகளுக்கு, இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 500 கிராமை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 10 லிட்டராக்கிச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். அங்கேதான் பூச்சி ஒளிந்திருக்கும். மேலாக அடித்துவிட்டு மருந்தைக் குறைசொல்வதில் பயனில்லை. எந்தக் கரைசலையும் முதலில் இரண்டு மூன்று இலைகளில் தெளித்துப் பார்ப்பது நல்லது.

பூசணிப்பூ விடியலில் விரிந்து, நண்பகலுக்குள் கூம்பிவிடும். அந்நேரத்தில் தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும் என்பதால், தெளிப்பை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பழ ஈ துளைத்த காய்களைக் கொடியடியில் விடாமல் பொறுக்கி அழித்துவிடுங்கள்.