செதுக்குவது வேறு, அறுப்பது வேறு

ஆங்கிலத்தின் ‘மோயிங்’ (mowing) என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போது பலர் ‘புல் செதுக்குதல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. செதுக்கினால் புல் வேரோடு வந்துவிடும், தரை மொட்டையாகிவிடும். மோயிங் என்பது வேரைத் தொடாமல் மேல்தாளை மட்டும் நறுக்குவது. கையில் அரிவாள் இருந்தால் ‘புல் அறுத்தல்’. புல்தரையில் இயந்திரம் ஓட்டினால் ‘புல் வெட்டுதல்’. (அந்த இயந்திரத்துக்கு 1830-இல் காப்புரிமை பெற்றவர் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர். கம்பளித் துணியின் மேற்பிசிறைச் சீவும் ஆலைக் கருவியைப் பார்த்துத்தான் யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள்.)

செய்திகளில் இதே வினைச்சொல் ‘டவுன்’ என்ற ஒட்டுடன் (mow down) வரும். அங்கே புல்லுக்கு வேலையே இல்லை. வாகனத்தை ஏற்றிக் கொல்வது, சரமாரியாகச் சுட்டு வீழ்த்துவது என்று பொருள். ‘லாரி கூட்டத்தை வெட்டியது’ என்றால் வாக்கியம் நிற்காது. ‘கூட்டத்துக்குள் பாய்ந்த லாரி பலரை நசுக்கிக் கொன்றது’ என்று எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல்: ஆங்கிலத்தில் வைக்கோல் போரைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே எழுத்துகள்தான் (mow). வினைச்சொல்லை ‘மோ’ என்பார்கள். வைக்கோல் போரை மட்டும் ‘மௌ’ என்று உச்சரிப்பார்கள்.