பழைய ஜெட் போட் வாங்கியிருக்கிறீர்களா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) சர்ரென்று ஏறுகிறது, போட் மட்டும் நகர மறுக்கிறதா? இன்ஜினைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் கோளாறு, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் ஜெட் பம்பில்தான் இருக்கும். இன்ஜினை அணைத்து, சாவியையும் கையில் எடுத்துக்கொண்டு, அடியில் தண்ணீர் உறிஞ்சும் கம்பி வலையைப் பாருங்கள். பாசி, கயிறு, கூழாங்கல் ஏதாவது சிக்கியிருக்கலாம். நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் 1950களில் இந்த வகைப் படகை உருவாக்கியதே ஆழமில்லாத ஆறுகளில் ஓட்டத்தான். அப்படி ஓடிய படகு கல்லை விழுங்காமல் இருக்குமா? வலை சுத்தமாக இருந்தால் டார்ச் அடித்து, பம்புக்குள் சுழலும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைப் பாருங்கள். இதழ் முனை மழுங்கியிருந்தாலோ, சுற்றியுள்ள வளையம் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலோ வேகம் வராது.

ஆர்பிஎம்மே ஏறவில்லை, திணறுகிறது என்றால் கதை வேறு. மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலை முதலில் வெளியேற்றுங்கள். ஃப்யூவல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இரண்டையும் மாற்றுங்கள்; செலவு குறைவு. அப்புறம் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மெக்கானிக்கிடம் போகவேண்டியதுதான். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

கரையில் ஹோஸ் மாட்டிச் சோதிப்பவர்கள் கவனிக்க: யமஹா போன்ற பல ஜெட் போட்களில் முதலில் இன்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும்.