பீரோ நிறைய துணி, போட ஒன்றுமில்லை: நான் கழித்துக்கட்டிய விதம்

பீரோவைத் திறந்தாலே மேல்தட்டுத் துணி சரிந்து விழும், ஆனாலும் போட ஒன்றுமில்லை என்ற புலம்பல் ஓயாது. எனக்குக் கைகொடுத்தது ஹேங்கர் வழிதான். எல்லா ஹேங்கர்களையும் கொக்கியின் வாய் நம் பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டிவிட்டு, போட்டுத் துவைத்ததை மட்டும் வழக்கம்போல மாட்டிக்கொண்டே வந்தால், சில மாதங்களில் எது கைபடாமல் நிற்கிறது என்று தானே தெரிந்துவிடும், மனசாட்சியோடு வாதாட வேண்டாம். ஸ்வெட்டரையும் விசேஷத் துணியையும் இதில் சேர்க்காதீர்கள், அது நியாயமில்லை.

"இளைத்தால் போடலாம்" பேன்ட்டுகளைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நிற்கும்போது சரியாக இருப்பது, உட்கார்ந்தால் இடுப்பை அறுக்கிறது. அவைதான் முதலில் போயின. அப்பாவின் பழைய சட்டை ஒன்று மட்டும் எந்த விதிக்கும் கட்டுப்படாது, அதை விடுங்கள்.

கொடுப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தெரிந்தவர் கையில் நேராகக் கொடுக்கக் கூச்சமாக இருந்தால், அது கொடுக்கிற துணியே இல்லை. அக்குளில் மஞ்சள் படிந்தது, எலாஸ்டிக் தளர்ந்தது, ஜிப் போனது எல்லாம் தனிக்குவியல். அதில் பருத்தி என்றால் வெட்டித் துடைக்க வைத்துக்கொள்ளலாம். பாலியஸ்டர் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, அதற்குக்கூட லாயக்கில்லை. மற்றவற்றைத் துவைத்து, ஈரம் போகக் காயவைத்து, விட்டுப்போன பித்தானைத் தைத்து, பாக்கெட்டைத் துழாவிவிட்டுத்தான் பையில் போட்டேன். அப்புறம் அந்தப் பையை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுங்கள், மூலையில் கிடந்தால் ஒவ்வொன்றாக மறுபடி பீரோவுக்குள் ஏறிவிடும்.