செடிகளுக்கு வீட்டிலேயே தண்ணீர் வடிகட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பருத்தியின் இளம் இலைகள் வெளுத்துப்போய், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன. மண் தொட்டியின் வெளிப்புறத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உரத்தை மாற்றிப் பார்த்தாயிற்று, இடத்தையும் மாற்றிப் பார்த்தாயிற்று. அப்புறம்தான் தண்ணீர் மேல் சந்தேகம் வருகிறது. சந்தேகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அடுத்த காரியமாக ஒரு வடிகட்டியை வாங்கி மாட்டிவிடுகிறோம் பாருங்கள், தவறு அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மணல், துரு, சேறு இவையெல்லாம் மிதந்து வருபவை. செடிமென்ட் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். குளோரினும் வாடையும் கார்பனில் அடங்கும். கரைந்த உப்பு மட்டும் இந்த இரண்டுக்கும் கட்டுப்படாது, அதற்கு ஆர்.ஓ. மெம்பிரேன் வேண்டும், அதாவது அழுத்தத்தில் தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு. உப்புத் தண்ணீருக்குக் கார்பன் ஃபில்டர் மாட்டிவிட்டு, செடி ஏன் இன்னும் தேறவில்லை என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். புற ஊதா விளக்கும் அப்படித்தான். கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது.

கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பி முடிவெடுப்பது அடுத்த தவறு. அந்தக் கருவி தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று அளந்து, அதை ஒரு கணக்கால் பெருக்கி எண்ணாகக் காட்டுகிறது. உள்ளே இருப்பது கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) தண்ணீரில் பல செடிகள் நன்றாகவே வளரும். அதே 500 முழுக்கச் சோடியம் குளோரைடு என்றால் இலை நுனி கருகத் தொடங்கும். இன்னொரு சங்கதி, பெருக்கும் எண் எல்லா மீட்டரிலும் ஒன்றல்ல. சிலவற்றில் 0.5, சிலவற்றில் 0.7. ஒரே தண்ணீர் ஒரு மீட்டரில் 500 என்றும் இன்னொன்றில் 700 என்றும் காட்டக்கூடும்.

அதனால் ஒரே ஒரு முறையாவது தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மின்கடத்துதிறன், பிஎச், காரத்தன்மை, சோடியம், குளோரைடு, கடினத்தன்மை, இரும்பு ஆகியவை தெரிந்தால் போதும். உலக உணவு வேளாண் அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியில், மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் உப்பைப் பொறுத்தவரை தடையில்லை, 3-க்கு மேல் போனால் கடும் கட்டுப்பாடு தேவை என்று இருக்கிறது. நாற்றுகளுக்கும் சின்னத் தொட்டிகளுக்கும் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

மேலே சொன்ன அந்தச் செம்பருத்திக்கே வருவோம். இளம் இலை வெளுப்பதற்கு முக்கியமான காரணம் பல நேரங்களில் பைகார்பனேட், அதாவது தண்ணீருக்குக் காரத்தன்மை தரும் பொருள். தினமும் ஊற்றும் தண்ணீரிலிருந்து அது மண்ணில் சேர்ந்து, மண்ணின் பிஎச்சை மெல்ல ஏற்றுகிறது. பிஎச் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இந்த நிலையில் இரும்பை அள்ளிப் போட்டும் பயனில்லை, கார்பன் ஃபில்டர் மாட்டியும் பயனில்லை. மழைநீரைக் கலந்து ஊற்றினாலோ, தண்ணீரின் பிஎச்சை அளந்து பார்த்துக்கொண்டே சிட்ரிக் அமிலம் கொஞ்சமாகச் சேர்த்து 6.5-க்கு அருகில் கொண்டுவந்தாலோ செடி தேறிவிடும். ஆர்.ஓ. வாங்கும் செலவே மிச்சம்.

இனி, நான் நேரில் அனுபவித்த ஒன்று. வீடு முழுவதற்கும் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி, போட்டோம். குழாயில் வெள்ளைப் படிவு நின்றது, தொட்டி விளிம்பிலும் குறைந்தது. செடிக்கும் நல்லதுதான் என்று நினைத்தேன். சில மாதங்களில் இலைகளின் ஓரம் வெளியிலிருந்து உள்நோக்கிக் காய ஆரம்பித்தது. தொட்டி மண் இறுகிப்போய், ஊற்றிய தண்ணீர் மேலேயே குளம் கட்டி நின்றது. சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் மீட்டரை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே எண். அப்போதுதான் புரிந்தது. உப்புப் போட்டு ஓடும் சாஃப்ட்னர் கரைந்த உப்பின் மொத்த அளவைக் குறைப்பதில்லை. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைத் தருகிறது. குழாய்க்கு அது நல்லது. செடிக்கு விஷம் மாதிரி. சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண்ணின் துளைகள் அடைபடுகின்றன. உங்கள் வீட்டில் சாஃப்ட்னர் இருந்தால், செடிகளுக்கான குழாயை அதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

சரி, ஆய்வில் சோடியமும் குளோரைடும் அதிகம் என்று வந்துவிட்டது, ஆர்.ஓ. தான் வழி என்று வைத்துக்கொள்வோம். வரிசை முக்கியம்: முதலில் செடிமென்ட், பிறகு கார்பன், கடைசியில் மெம்பிரேன். இடத்துக்கு ஏற்றபடி மாற்றி மாட்டக் கூடாது. மெம்பிரேனின் மெல்லிய பாலிஅமைடு படலத்தைக் குளோரின் அரித்துவிடும். கார்பன் தீர்ந்துபோன பிறகும் மாற்றாமல் விட்டால் நடப்பதும் இதுதான். அறிகுறி ஏமாற்றக்கூடியது. திடீரென்று தண்ணீர் முன்பைவிட வேகமாக வரும், சந்தோஷமாகக்கூட இருக்கும். மீட்டரை வைத்தால் உப்பும் ஏறியிருக்கும்.

குளோரினைப் பற்றி ஒரு வார்த்தை. குடிநீரில் இருக்கும் அளவு குளோரினால் பெரும்பாலான செடிகளுக்குப் பெரிய கெடுதல் இல்லை. வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) சேர்த்த தண்ணீராக இருந்தால் ஒரு நாள் வைத்தாலும் போகாது. அதற்குக் கேட்டலிடிக் கார்பன் என்ற தனி வகைக் கார்பன் வேண்டும், தண்ணீர் அதன் வழியே மெதுவாகப் போகவும் வேண்டும்.

அளவுக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு நாளைக்கு 100 கேலன் என்று பெட்டியில் போட்டிருக்கும். அது 378 லிட்டர். நிமிடத்துக்குப் பிரித்தால் சுமார் 260 மில்லி. பத்து லிட்டர் பூவாளி நிறைய 40 நிமிடம் ஆகும்! அதுவும் 25 டிகிரி வெப்பத்தில், போதுமான அழுத்தம் இருந்தால் மட்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அந்த அழுத்தம் கிடையாது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் தான் கிடைக்கும். மெம்பிரேனுக்கோ குறைந்தது மூன்று பார் அளவில் வேண்டும். பூஸ்டர் பம்ப் இல்லாமல் மாட்டினால் நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், கழிவுநீர் மட்டும் தாராளமாக ஓடும். பம்போடு சேர்த்து ஒரு சேமிப்புத் தொட்டியும் திட்டத்தில் இருக்கட்டும். வெளிச்சம் புகாத, மூடியுள்ள தொட்டியாகப் பாருங்கள். வெளிச்சம் பட்டால் பாசி, திறந்திருந்தால் கொசு. ஆர்.ஓ. தண்ணீர் பித்தளை, செம்பு இணைப்புகளை அரிக்கும் என்பதால் அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் குழாயும் இணைப்புகளும் போதும்.

உப்போடு ஆர்.ஓ. வெளியேற்றும் அந்தக் கழிவுநீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுவது இன்னொரு தவறு. மனசு புரிகிறது, எனக்கும் அப்படித்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 600 பிபிஎம் தண்ணீர் உள்ளே போய், பாதி நல்ல தண்ணீராகப் பிரிந்தால், மீதிப் பாதியில் ஏறக்குறைய 1200 இருக்கும். கால்வாசி மட்டும் பிரிந்தால் 800. அளந்து பார்க்காமல் தொட்டிச் செடிக்கு ஊற்றவே வேண்டாம். தரை துடைக்க, வாசல் கழுவப் பயன்படுத்துங்கள்.

மறுபக்கம், ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் எல்லாச் செடிக்கும் பொருந்தாது. உப்போடு சேர்ந்து கால்சியமும் மக்னீசியமும் போய்விடுகின்றன, பிஎச்சை நிலைநிறுத்தும் தன்மையும் போய்விடுகிறது. கோகோபீட்டிலோ மண்ணில்லா முறையிலோ வளர்த்தால் புதுத் துளிர் சுருண்டு, வளைந்து வருவதைப் பார்க்கலாம். அங்கே கால்சியமும் மக்னீசியமும் உள்ள உரத்தைச் சேர்த்தாக வேண்டும். மண் தொட்டிகளுக்குக் கலவையே எளிது. 800 பிபிஎம் குழாய்த் தண்ணீரும் 40 பிபிஎம் ஆர்.ஓ. தண்ணீரும் சரிபாதி கலந்தால் 420 வரும். பூச்சி பிடிக்கும் செடிகள் மட்டும் விதிவிலக்கு. வீனஸ் ஃபிளைட்ராப், டிரோசெரா போன்றவற்றுக்கு 50-க்குக் கீழே உள்ள தண்ணீரே வேண்டும்.

ஆர்.ஓ. மாட்டிய அன்று முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். கார்பன் தூளும் மெம்பிரேனில் பூசிய பாதுகாப்பு மருந்தும் அதில் கலந்து வரும். அதன் பிறகும், மெஷின் ஓடாமல் கிடந்து மறுபடி ஓடும்போது முதல் சில நிமிடத் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும். அதை அளந்து பயந்துவிட வேண்டாம், கொஞ்சம் ஓடவிட்டு அளங்கள். உள்ளே 600, வெளியே 30 என்றால் 95 விழுக்காடு உப்பு நீங்குகிறது என்று அர்த்தம். அது 90-க்குக் கீழே இறங்கினால் மெம்பிரேனைக் கவனிக்கலாம். கேட்ரிட்ஜ் மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். செடிமென்ட் கறுப்பதைக் கண்ணால் பார்க்கலாம், கார்பன் தீர்ந்தது கண்ணுக்குத் தெரியாது.

சொட்டுநீர்க் குழாய் வைத்திருந்தால் அதற்கென்று தனியாக 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணி உள்ள வலை) ஃபில்டர் ஒன்று வேண்டும். உரத்தை அதற்கு முன்னால் கலக்குங்கள், பின்னால் கலந்தால் கரையாத உரத்துகள் துளையை அடைத்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு, தொட்டியில் ஏற்கெனவே சேர்ந்த உப்பு தானாகப் போகாது. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் முழுக்க வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மண் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கருகிய இலை ஓரம் மறுபடி பச்சையாகாது. அதற்குப் பிறகு விடும் துளிர்களின் நுனியைப் பாருங்கள்.